நெஞ்சுப் பட்டியா, பவர் மீற்றரா? யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பயிற்சிச் சுமையை எதை வைத்துக் கணக்கிடுவது

நல்லூர்த் திருவிழாவுக்கு வர இருக்கும் சொந்தக்காரர் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ போன் எடுத்து, "வரேக்கை என்ன கொண்டு வாறது?" என்று கேட்பார். சைக்கிள் ஓட்டத்தைப் பயிற்சியாக எடுத்துக்கொண்ட பிள்ளைகள் பலருக்கு இப்போது இரண்டு பதில்கள் வாயில் வருகின்றன. ஒன்று, இதயத்துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டி. மற்றது, கால் உழக்கும் வலுவை வாட்ஸில் அளக்கும் பவர் மீற்றர். இரண்டுமே சூட்கேசின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். விலைதான் ஏணி வைத்தாலும் எட்டாது: மலிவான பவர் மீற்றரே நெஞ்சுப் பட்டியைப்போல நாலைந்து மடங்கு, இரண்டு பக்கப் பெடலிலும் அளக்கும் நல்லதென்றால் பத்து மடங்குக்கும் மேல். கேட்பவர் மாமாவாக இருந்தாலும் அவருடைய காசும் காசுதான். ஆகவே எது வேண்டும் என்று யோசித்துவிட்டுக் கேட்பதே சரி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் உடற்தகுதிக்காகவும் நீண்ட ஓட்டங்களுக்காகவும் ஓடுபவருக்கு நெஞ்சுப் பட்டி போதும். காரணம் எங்கள் நிலம் அவ்வளவு தட்டை. போட்டிக்குத் தயாராகிறவர், விட்டுவிட்டு இறுக்கி ஓடும் இன்ரர்வல் பயிற்சி செய்பவர் பவர் மீற்றர் கேட்கலாம். ஆனால் அவரும் நெஞ்சுப் பட்டியைக் கழற்றி வைக்கக்கூடாது. காரணம் எங்கள் வெக்கை.

பயிற்சிச் சுமை என்பது, ஒரு ஓட்டம் உடம்பில் எவ்வளவு ஏறியது என்பதை ஒரே எண்ணாகச் சுருக்குவது. எவ்வளவு நேரம் ஓடினோம், எவ்வளவு இறுக்கி ஓடினோம், இரண்டையும் பெருக்கினால் வருவது. நேரத்தை மணிக்கூடு சொல்லிவிடும். இறுக்கத்தை எதை வைத்து அளப்பது என்பதில்தான் பிரச்சினை.

கிலோமீற்றரை வைத்து அளக்க முடியாது. பண்ணையால் இறங்கி வேலணைப் பக்கம் போகும் பாதையை எடுங்கள். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, மறைப்புக்கு ஒன்றும் இல்லை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும் காலத்தில் போகும்போது மணிக்கு 22 கிலோமீற்றருக்கே மூச்சு வாங்கும். திரும்பும்போது அதே காலுக்கு 35 காட்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடையை வெல்ல மட்டும் எட்டு மடங்கு வலு வேண்டும் என்பதால், காற்றில் ஏற்படும் சின்ன மாற்றமும் கணக்கைக் கவிழ்த்துவிடும். ஸ்ட்ராவா போன்ற செயலிகள் மீற்றர் இல்லாமலே காட்டும் உத்தேச வாட்ஸை நம்பக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். செங்குத்தான மலை ஏறும்போது அந்த உத்தேசம் ஓரளவு பொருந்தும். அங்கே பெரும்பாலான வலு புவியீர்ப்புக்கு எதிராகப் போகிறது, உயரமும் எடையும் தெரிந்தால் கணக்குப் போடலாம். தட்டை நிலத்தில், எதிர்க்காற்றில், முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடும்போது செயலிக்குக் காற்றும் தெரியாது, ஒளிந்ததும் தெரியாது. எங்கள் ஊர் அதற்கு மிக மோசமான இடம்.

மிஞ்சுவது இரண்டு வழிகள்.

இதயத்துடிப்பு வழி பழையது. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் எரிக் பானிஸ்டர் 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய வேலையிலிருந்து ட்ரிம்ப் என்ற அளவு வந்தது. ஓய்வில் இருக்கும் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியில் எத்தனை பங்கை ஓட்டத்தில் பயன்படுத்தினோம் என்று பார்த்து, அதை நிமிடங்களால் பெருக்கி, துடிப்பு ஏற ஏற விரைவாகக் கூடும் ஒரு நிறை எண்ணாலும் பெருக்குகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந்த நிறை வேறு. அந்தக் கடைசிப் பெருக்கல் முக்கியமானது. இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் உலாத்தலாக உழக்குவதும் ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓடுவதும் ஒன்றாகிவிடும்.

வலு வழி பிந்தியது. பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கில் விழும் விசையை நேரடியாக அளக்கும் மீற்றரை ஜேர்மன் பொறியியலாளர் உல்ரிச் ஷோபெரர் 1986இல் கொண்டுவந்தார். அந்த வாட்ஸை ஒரு சுமை எண்ணாக்கும் முறையை அமெரிக்க உடற்றொழிலியலாளர் அன்ட்ரூ கொகன் பிறகு அமைத்தார், அதைத்தான் ரி.எஸ்.எஸ். என்கிறோம். ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விடாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய வலுவை எவ்.ரி.பி. என்று வைத்து, அந்த வலுவில் ஒரு மணி நேரம் ஓடினால் 100 புள்ளி. மற்றதெல்லாம் அதற்கு ஒப்பாக.

இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பொருத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும். ஓய்வுத் துடிப்பு 55, உச்சத் துடிப்பு 190, எவ்.ரி.பி. 200 வாட்ஸ் உள்ள ஒரு தம்பியை வைத்துக்கொள்வோம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, காரைநகர் கசூரினாப் பக்கம் போய்த் திரும்புகிறார். 90 நிமிடம், சீராக 150 வாட்ஸ், சராசரித் துடிப்பு 145. கணக்குப் பார்த்தால் ரி.எஸ்.எஸ். 84, ட்ரிம்ப் 138.

இன்னொரு நாள் வீட்டில் வேலை முடித்து ஒன்பதரைக்குத்தான் வெளிக்கிட முடிகிறது. அதே பாதை, அதே 90 நிமிடம், அதே 150 வாட்ஸ். வெயில் ஏறிவிட்டதால் சராசரித் துடிப்பு 155. ரி.எஸ்.எஸ். இப்போதும் 84தான். ட்ரிம்ப் 177.

எது சரி? வேலை என்று பார்த்தால் 84தான் சரி. கால் செய்தது இரண்டு நாளும் ஒரே வேலை. உடம்பு கொடுத்த விலை என்று பார்த்தால் இரண்டாம் நாள் கால்வாசிக்கு மேல் கூட. வெயிலில் இரத்தத்தின் ஒரு பங்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குப் போகிறது. வியர்வையாக நீர் போவதால் இரத்தத்தின் கனவளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைந்தால், காலுக்கு வேண்டியதைக் கொடுக்க இதயம் கூடத் துடித்துத்தான் ஆகவேண்டும். வாட்ஸை மாற்றாமல் ஓடினாலும் நேரம் போகப் போகத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போவது இதனால்தான். எங்கள் குடாநாட்டில் கடல் எங்கும் கிட்ட. காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் மூக்கு நுனியால் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, நீரை மட்டும் கொண்டுபோகும்.

சிலர் இதை இதயத்துடிப்பின் பிழை என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு இறுக்கி ஓடலாமா என்று முடிவெடுக்கும்போது எனக்கு வேண்டியது 177 என்ற எண்தான், ஏனென்றால் ஒன்பதரை வெயிலில் ஓடிய உடம்பு அடுத்த நாள் அந்தக் கடனைக் கேட்கும். மூன்று மாதத்தில் கால் பலமாகியிருக்கிறதா என்று பார்க்கும்போது 84ஐத்தான் பார்ப்பேன். அதில் வெயில் கலந்தால் பங்குனி, சித்திரை மாதங்களில் எல்லோரும் கடும் பயிற்சி செய்ததுபோலவும் மார்கழியில் சோம்பேறியானதுபோலவும் வரைபடம் காட்டும்.

வலுக் கணக்கும் வெயிலிலிருந்து தப்பவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீற்றர் சரியாகத்தான் அளக்கும். ஆனால் எவ்.ரி.பி. என்ற அடி எண் விடியக் குளிரில் எடுத்த சோதனையிலிருந்து வந்தது. அதே ஆள் மத்தியான வெயிலில் அந்த வலுவை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கமாட்டார். ஆக, வெயிலில் ஓடிய ஓட்டத்தின் ரி.எஸ்.எஸ். உண்மையான கஷ்டத்தைக் குறைத்துச் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து இங்கே ஓடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: குளிர் நாட்டில் எடுத்த எவ்.ரி.பி.யை வைத்துக்கொண்டு முதல் கிழமை ஓடினால், மீற்றர் "இது சும்மா ஓட்டம்" என்று சொல்லும்போது நெஞ்சு படபடக்கும். ஒன்றிரண்டு கிழமை வெயிலில் பழகினால் இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடி, அதே வலுவுக்குத் துடிப்பு இறங்கும். அந்த இறக்கத்தைக் காட்டுவது நெஞ்சுப் பட்டி மட்டும்தான்.

வலு வெல்லும் இடம்

கூட்டமாக ஓடும்போது கதை மாறுகிறது. வல்லை வெளியில் ஆளுக்காள் முந்தப் பார்க்கும் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். பத்து விநாடி எழும்பி நின்று உழக்குகிறீர்கள், வாட்ஸ் மூன்று மடங்காகிறது, பிறகு பின்னால் ஒட்டிக்கொள்கிறீர்கள். இதயம் அந்தப் பத்து விநாடியைக் கண்டுகொள்வதற்குள் அது முடிந்துவிடும். துடிப்பு மெதுவாக ஏறி, நீங்கள் ஆறும்போது உச்சத்துக்கு வந்து, அடுத்த பாய்ச்சல் தொடங்கும்போதும் முழுதாக இறங்கியிராது. வரைபடத்தில் தெரிவது மேடு பள்ளம் நிரவிய ஒரு சாய்வு. காலில் என்ன நடந்தது என்பது அதில் இல்லை.

வலு அதை விநாடிக்கு விநாடி பிடிக்கும். கொகனின் முறை வெறும் சராசரியை எடுப்பதில்லை. 30 விநாடிக்கு நிரவிய வாட்ஸை நாலாம் அடுக்குக்கு உயர்த்தி, அதன் சராசரியை எடுத்து, மீண்டும் நாலாம் மூலத்துக்கு இறக்குகிறார்கள். கேட்கத் தலை சுற்றினாலும் விளைவு நேரானது. நாங்கள் பார்த்த அதே தம்பி ஒரு மணி நேரம் சீராக 160 வாட்ஸில் ஓடினால் ரி.எஸ்.எஸ். 64. மூன்று நிமிடம் 240, மூன்று நிமிடம் 80 என்று மாறி மாறி அதே ஒரு மணி நேரம் ஓடினாலும் சராசரி 160தான், ரி.எஸ்.எஸ். ஏறத்தாழ 99. இரண்டு ஓட்டத்தையும் ஓடிப் பார்த்த எவரும் இரண்டாவதுக்குப் பிறகு படி ஏறக் கஷ்டப்பட்டிருப்பார்.

இதயத்துடிப்பால் இதைக் காட்டவே முடியாது என்றில்லை. முழு ஓட்டத்தின் சராசரித் துடிப்பை மட்டும் சூத்திரத்தில் போட்டால் இறுக்கிய பகுதிகள் நிரவுப்பட்டுப் போகும். துடிப்பை விநாடிக்கு விநாடி கணக்கிட்டுக் கூட்டும் செயலி என்றால் கொஞ்சம் மீளும். ஆனாலும் ஒரு நிமிடத்துக்குக் குறைந்த பாய்ச்சல்கள் நிறைந்த பயிற்சிக்கு இதயத்துடிப்பு எண் எப்போதும் குறைத்தே சொல்லும். போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு இது சின்னக் குறை இல்லை. கிழமையில் மூன்று நாள் செய்வதே அந்தப் பயிற்சிதான்.

மறுபக்கம், தனியாகக் காங்கேசன்துறை வீதியிலோ கண்டி வீதியில் ஆனையிறவுப் பக்கமோ நீளமாக ஓடுபவருக்கு இந்தக் குறை கிட்டத்தட்ட இல்லை. மலைநாட்டில் ஓடுபவர் ஏறும்போது முழு வலுவும் கொடுத்து, இறங்கும்போது உழக்காமலே போவார். எங்களுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சந்தியில் மறித்தாலொழிய கால் நிற்பதில்லை. வலு சீராக இருக்கும்போது துடிப்பு அதைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அப்படியான ஓட்டங்களில் கிழமைக்குக் கிழமை இரண்டு எண்களும் ஒரே பக்கமாக ஏறி இறங்கும். நெஞ்சுப் பட்டியே போதும் என்று நான் துணிந்து சொல்வது இந்தத் தட்டை நிலத்தை நம்பித்தான்.

துடிப்பு மட்டும் சொல்லக்கூடியது

மாரி காலத்தில் டெங்குக் காய்ச்சல் எங்கள் பக்கம் வராத ஆண்டு அரிது. காய்ச்சல் தொடங்கும் தறுவாயில் கால் நன்றாகவே வேலை செய்யலாம். பவர் மீற்றர் வழக்கமான எண்ணைக் காட்டும். வழக்கமாக 130 துடிக்கும் வேகத்தில் 145 துடித்தால், விடிய எழும்பும்போதே ஓய்வுத் துடிப்பு ஏழெட்டுக் கூட இருந்தால், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும். காய்ச்சல் உடம்போடு இறுக்கி ஓடுவது இதயத்துக்கே ஆபத்து. இந்த ஒரு எச்சரிக்கைக்காகவே நெஞ்சுப் பட்டி அதன் விலைக்குத் தகும் என்பது என் எண்ணம். நித்திரை குறைந்ததும் தண்ணீர் போதாததும்கூட அதில் தெரிந்துவிடும்.

இரத்த அழுத்தத்துக்கு பீற்றா புளொக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. அந்த மருந்து துடிப்பையே தணித்து வைப்பதால், துடிப்பை வைத்துப் போடும் எந்தச் சுமைக் கணக்கும் அவர்களுக்குப் பிழைக்கும். அவர்கள் வலுவைப் பார்க்கவேண்டும், அல்லது கீழே சொல்லும் மூன்றாவது வழியை. பயிற்சி தொடங்கமுதல் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்பதும் நல்லது.

உச்சத் துடிப்பை வயதை வைத்து ஊகிப்பதும் கூடாது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரமும், 2001இல் வந்த, 208இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் சூத்திரமும் சராசரி மனிதருக்கானவை. தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு பிசகுவது சாதாரணம். மேலே சொன்ன தம்பியின் உச்சத்தை 190க்குப் பதில் 180 என்று போட்டால், விடியக்காலை ஓட்டத்தின் ட்ரிம்ப் 138 என்பது 165 ஆகிவிடும். இறுக்கி ஓடிய ஒரு நாளில் உண்மையில் பார்த்த உச்சத்தைப் போடுங்கள்.

கருவிகளின் தொல்லை

நெஞ்சுப் பட்டியை ஈரமாக்காமல் கட்டினால் முதல் பத்து நிமிடமும் குப்பை எண் வரும். சோளகத்தில் பெனியன் படபடவென்று அடிக்கும்போது உராய்வு மின்னால் 210, 220 என்று பாயும். அந்தப் பத்து நிமிடம் சுமையை வீணாக ஊதிவிடும். தண்ணீரில் நனைத்துக் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது. ஓடி முடிந்ததும் உப்பைக் கழுவி, பட்டியிலிருந்து கருவியைக் கழற்றிக் காயவிட்டால் நெடுங்காலம் உழைக்கும். கைக்கடிகாரத்தில் துடிப்பை அளக்கும் பச்சை விளக்கை இதற்கு நம்பவேண்டாம். குன்றும் குழியுமான றோட்டில் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கும்போது அது தடுமாறும்.

பவர் மீற்றருக்குத் தொல்லை வேறு மாதிரி. நல்லவை ஒன்றிரண்டு வீதத்துக்குள் சரியாக அளக்கும் என்றுதான் தயாரிப்பாளர்கள் சொல்வார்கள், ஆனால் அது ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு முறையும், பெடலில் பாரமில்லாதபோது மீற்றர் பூச்சியம் காட்டுகிறதா என்று சரிபார்ப்பவருக்குத்தான். விலை குறைந்தவை இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குபவை. உங்கள் இடது கால் 48, வலது கால் 52 என்று பங்கிட்டால், எண் எப்போதும் நாலு வீதம் குறைவாக வரும். சுமைக் கணக்குக்கு அது பெரிய கேடில்லை, அடி எண்ணும் அதே மீற்றரால் வந்ததுதானே. பெரிய விஷயம் பொருத்தம். கிராங்க் மீற்றர்கள் குறிப்பிட்ட சில கிராங்க்குகளுக்கே சரிவரும். வீட்டில் நிற்கும் லுமாலா சைக்கிளில் பூட்டலாம் என்று நினைத்து வாங்கக்கூடாது. பெடல் வகை என்றால் வண்டிக்கு வண்டி மாற்றிப் பூட்ட இலகு. பழுதானால் இங்கே திருத்த ஆளில்லை. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பவேண்டும். அடுத்த திருவிழாவரை காத்திருக்கவும் நேரலாம்.

இரண்டும் வாங்க வழியில்லாதவர் கவலைப்பட வேண்டாம். மூன்றாவது வழிக்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். அமெரிக்காவின் கார்ல் ஃபொஸ்டர் முன்வைத்த முறை: ஓட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, முழு ஓட்டமும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் கொடுத்து, நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், கஷ்டம் 5 என்றால் 450. வெயில், காய்ச்சல், பாய்ச்சல் எல்லாம் அந்த எண்ணுக்குள் தானாக வந்துவிடும். கருவி வைத்திருப்பவர்களும் இதை எழுதிவரவேண்டும் என்பேன். கருவி 84 என்று சொல்லும்போது கொப்பி 700 என்று சொன்னால், அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசிக்க அது இடம் கொடுக்கும்.

வாங்கியபின் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: ஒரு வரைபடத்தில் ஒரு அளவு. செயலிகள் கடந்த 42 நாளின் சுமையை உடற்தகுதியாகவும், கடந்த 7 நாளின் சுமையைக் களைப்பாகவும் காட்டும். மார்ச் வரை துடிப்பால் வந்த எண், ஏப்ரலிலிருந்து வலுவால் வந்த எண் என்று கலந்தால், மீற்றர் பூட்டிய கிழமையே நீங்கள் பலமானதாகவோ பலவீனமானதாகவோ படம் காட்டும். உடம்பில் ஒன்றும் மாறியிராது. மாறுவதென்றால் ஆறு கிழமை இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, பிறகு மாறுங்கள்.

அடி எண்ணை எடுக்கும் சோதனைக்கு 20 நிமிடம் பிரேக் பிடிக்காத றோட்டு வேண்டும். முழுப் பலத்தில் 20 நிமிடம் ஓடி, சராசரி வாட்ஸில் 95 வீதத்தை எவ்.ரி.பி. என்று வைப்பது வழக்கம். நெஞ்சுப் பட்டிக்காரர் துடிப்பை இறுக்கத்துக்கேற்ப வலயங்களாகப் பிரிக்க, 30 நிமிடம் தனியாக இறுக்கி ஓடி, கடைசி 20 நிமிடச் சராசரித் துடிப்பை எடுக்கலாம். கண்டி வீதியில் பஸ்ஸும் சந்தியும் விடாது. பண்ணையிலிருந்து வேலணை நோக்கிப் போகும் பாதைதான் நல்லது; அதுவும் எதிர்க்காற்று உள்ள திசையில், ஏனென்றால் எதிர்க்காற்று காலை ஆறவிடாது, வலு சீராக நிற்கும். வழக்கமாக எத்தனை மணிக்கு ஓடுவீர்களோ அந்த நேரத்திலேயே சோதனையையும் வையுங்கள். ஆறேழு கிழமைக்கு ஒருமுறை, அதே பாதையில், அதே நேரத்தில் திரும்ப எடுங்கள்.